நாற்பத்திரண்டாம் வீட்டு நாற்காலி

வெளித்தோற்ற விதிப் புத்தகம் எழுதும் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். வெளியே இதைப் பற்றிச் சொன்னால் ஒருவருக்கும் புரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் சொந்த அக்காவே நான் ஓய்வு பெறும் வரைக்கும் ஏதோ பெயிண்ட் கம்பெனியில் இருக்கிறேன் என்றுதான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு வில்லா லேஅவுட்டில் தொண்ணூற்றாறு வீடு இருக்கும். தொண்ணூற்றாறு பேரும் தங்கள் இஷ்டத்துக்கு நிறம் அடித்து, கம்பி போட்டு, தகரம் வேய்ந்தால் பார்க்கச் சகிக்காது என்று சங்கத்துக்குப் பயம் வரும். நம்மைக் கூப்பிட்டு, சுவர் என்ன நிறம், கேட் எவ்வளவு உயரம், துணி எங்கே காய வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்வார்கள். பிறகு அதை எழுதியதற்காக நம்மையே திட்டுவார்கள். வேலை இவ்வளவுதான்.

நிற அட்டை, அளவு, வரைபடம் எல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாகவே செய்வீர்கள், அதை விட்டுவிடுகிறேன். நான் எழுதிய ஒரு விதியையும் ஒரு சிவப்பு நாற்காலியையும் பற்றி மட்டும் சொல்கிறேன். இரண்டிலும் தப்பு என்னுடையது.

நம் தொழிலில் யாரும் வெள்ளைத்தாளில் ஆரம்பிப்பதில்லை. பழைய புத்தகத்தைத் திறந்து, பெயரை மாற்றி, புதுப் புத்தகம் ஆக்குவோம். முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள், உங்கள் லேப்டாப்பிலும் அதுதான் நடக்கிறது. பெங்களூரில் பொம்மசந்திராவைத் தாண்டி ஒரு வில்லா லேஅவுட்டுக்கு நான் எழுதியதும் அப்படித்தான். அதற்கு முன்னால் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்கு எழுதியிருந்தேன். அங்கே கார் போகிற பாதையில் பந்தல் போட்டு ஆளுக்கு ஆள் சண்டை. அதற்காக நான் எழுதிய விதியை அப்படியே தூக்கி இங்கே வைத்தேன்.

"வீட்டின் முன்போ பொதுச் சாலையிலோ பந்தல், ஷாமியானா, அலங்கார வளைவு முதலிய எந்தத் தற்காலிக அமைப்பையும் நிறுவ, மூன்று நாட்களுக்கு முன்பே எழுத்துமூலம் விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும்."

இந்த வாக்கியத்தின் மேல் எனக்கு ரொம்பப் பெருமை. சங்கத்துக் கமிட்டியில் இருந்த ஒரு வக்கீல்கூட, ஒரு ஓட்டை இல்லை என்று பாராட்டினார். கல்யாணம், நிச்சயதார்த்தம், மஞ்சள் நீராட்டு, பிள்ளையார் சதுர்த்தி, கன்னட ராஜ்யோத்சவம், பிறந்தநாள் பலூன் வளைவு எல்லாவற்றையும் யோசித்துத்தான் எழுதியிருந்தேன். இன்னொரு முறை அதைப் படித்துப் பாருங்கள். உங்களில் சிலருக்கு இந்நேரம் விஷயம் புரிந்திருக்கும். எனக்குப் புரிய இரண்டு வருஷம் ஆயிற்று.

புத்தகம் முடிந்ததும் அதை நடத்திக்காட்டும் வேலையையும் சங்கம் என்னிடமே கொடுத்தது. வாரம் ஒருமுறை லேஅவுட்டைச் சுற்றி வந்து, எந்த வீட்டில் என்ன மீறல் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். நோட்டீஸ் கொடுக்க வேண்டும். சரிசெய்துவிட்டால் எதிரே 'சரிசெய்யப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

நாற்பத்திரண்டாம் எண் வீடு சுமதியுடையது. ஐ.டி.யில் வேலை, கடன் போட்டு வாங்கிய வீடு. அவளுடைய அப்பா மாணிக்கம் கோலார் தங்கவயல்காரர், சுரங்கத்தில் இருந்தவர். மனைவி போன பிறகு மகளோடு வந்துவிட்டார். காலையில் வெயில் வந்ததும் முன்வாசலில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்காருவார். வெயில் எந்தப் பக்கம் போகிறதோ நாற்காலியும் அந்தப் பக்கம் போகும். என் புத்தகப்படி, சாலையிலிருந்து தெரிகிற இடத்தில் மரம், பிரம்பு, கறுப்பு இரும்பு இந்த மூன்றில் செய்த நாற்காலிதான் போடலாம்.

முதல் நோட்டீஸ் எழுதப் போனபோது அவர் எழுந்து நின்றார்.

"நின்னுகினே எழுதறியேம்மா. உக்காரு" என்று நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

முட்டி வலி எனக்கு. உட்கார்ந்துவிட்டேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் அந்த நாற்காலியின் மேல் நோட்டீஸ் எழுதினேன். இதை நான் வேடிக்கையாகப் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்லும்போது அவ்வளவு வேடிக்கையாக இல்லை.

நோட்டீஸில் பொருளை அடையாளத்தோடு எழுத வேண்டும் என்பது நானே வைத்த முறை. 'சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. கைப்பிடி உள்ளது. முதுகில் விரிசல், செம்புக் கம்பியால் தைக்கப்பட்டுள்ளது' என்று எழுதி, ஒரு போட்டோவும் எடுத்து ஒட்டினேன். அந்தத் தையலை அவரே போட்டிருந்தார். நல்ல நெருக்கமான தையல்.

"ஐயா, இதை உள்ளே போட்டு உட்காரக் கூடாதா?" என்று கேட்டேன்.

"முப்பத்திரெண்டு வருஷம் பூமிக்குள்ள இருந்துட்டேன். வேற என்ன வேணா சொல்லு, உள்ள உக்காருன்னு மட்டும் சொல்லாத" என்றார். கோபமெல்லாம் இல்லை. என்னிடம் ஒரு தகவலைச் சொல்வது போலத்தான் சொன்னார்.

சுமதி அந்த வாரமே ஒரு பிரம்பு நாற்காலி வாங்கி வைத்தாள். அது தாழ்வானது. அதில் உட்கார்ந்தால் அவரால் எழுந்திருக்க முடியவில்லை, பிடித்துத் தூக்க ஒரு ஆள் வேண்டும். நாலு நாளில் சிவப்பு நாற்காலி திரும்ப வந்துவிட்டது. இரண்டாவது நோட்டீஸ் கொடுத்தேன். மூன்றாவதும் கொடுத்தேன். மூன்றாவதற்கும் மசியவில்லை என்றால் வீட்டு எண் அறிவிப்புப் பலகையில் ஏறும். ஏற்றினேன். ஒவ்வொரு தடவையும் அவர் எழுந்து நாற்காலியைத் தள்ளினார், நானும் உட்கார்ந்து எழுதினேன். இதில் எனக்கு ஒரு உறுத்தலும் இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லோருக்கும் ஒரே விதி, அவ்வளவுதான் என்று இருந்தேன்.

இன்னொரு ஆளையும் சொல்ல வேண்டும். கேட்டில் செக்யூரிட்டி சூப்பர்வைசர் செல்வராஜ். ஐம்பது வயதுக்காரர், ரொம்ப நிதானமான மனுஷன். ஒருநாள் யாரோ குழந்தையின் பிறந்தநாளுக்குப் பலூன் வளைவு வந்ததை, விண்ணப்பம் இருக்கிறதா என்று கேட்காமல் உள்ளே விட்டுவிட்டார். சங்கச் செயலாளர் என்னிடம் பாய்ந்தார், நான் செல்வராஜிடம் பாய்ந்தேன். 'விதிப் புத்தகத்தை மீறி அனுமதிக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. மறுமுறை நடந்தால் வேலையிலிருந்து விலக்கப்படுவீர்கள்' என்று மெமோ கொடுத்தேன். அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பத்துப் பதினைந்து நாள் கழித்து, காலை எட்டேகாலுக்கு அவரிடமிருந்து போன் வந்தது. நான் நகரத்துக்குள்ளே, அடுகோடியில், என் வீட்டில் இருந்தேன்.

"மேடம், நாப்பத்திரெண்டுல பெரியவர் ராத்திரி போயிட்டாரு. ஆஸ்பத்திரியிலருந்து பாடி வந்துடுச்சு, உள்ள விட்டுட்டேன். ஷாமியானா வண்டி கேட்ல நிக்குது. அப்ளிகேஷன் இல்ல. என்ன பண்ணட்டும்?"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வார்த்தை. திறங்க. நான் சொன்னது, "கொஞ்சம் இருங்க, செகரட்டரியைக் கேட்டுட்டுச் சொல்றேன்."

செயலாளர் கோயம்புத்தூர்க்காரர், பெரிய கம்பெனியில் பெரிய வேலை, கெட்டவர் இல்லை. "அடடா, பாவமுங்க" என்றார். அப்புறம், "ஆனா மேடம், ரூல் நீங்க எழுதுனதுதானுங்க. இன்னைக்கு ஒருத்தருக்கு விட்டா நாளைக்குக் கல்யாணத்துக்குக் கேப்பாங்க. பின்னாடி விசிட்டர் பார்க்கிங்ல போட்டுக்கச் சொல்லுங்களேன். இல்லீனா கமிட்டி மெஜாரிட்டி வாங்கிக் குடுங்க, நான் சைன் பண்றேன்" என்றார்.

விசிட்டர் பார்க்கிங் என்பது குப்பை பிரிக்கிற ஷெட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதைச் செல்வராஜிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கமிட்டி வாட்ஸாப் குழுவில் விஷயத்தைப் போட்டு, அனுமதிக்கலாமா என்று கேட்டேன். ஒன்பது பேர். பத்து நிமிஷத்தில் ஏழு பேர் 'ஓம் சாந்தி' போட்டார்கள். கூப்பிய கைகள் வரிசையாக வந்தன. அனுமதி என்று ஒருத்தர்கூட எழுதவில்லை. நானும் மறுபடி கேட்டேன், இன்னும் இரண்டு கூப்பிய கைகள் வந்தன. போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததில் அரைமணி போயிற்று. அதற்கப்புறம்தான் ஆட்டோ பிடித்தேன். ஓசூர் ரோடு அந்த நேரத்தில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

கேட்டுக்கு வெளியே டெம்போ நின்றது. மேலே சுருட்டிய துணி, குழாய்கள், அடுக்கடுக்காகச் சிவப்பு நாற்காலிகள். தங்கவயலிலிருந்து வேனில் வந்தவர்கள் காம்பவுண்ட் சுவரை ஒட்டி வெயிலில் நின்றார்கள். எல்லோரும் வயதானவர்கள், கையில் மாலையோடு நின்றார்கள். உள்ளே போய் நிற்கவும் இடம் இல்லை என்று வெளியே வந்து நிற்கிறார்கள் என்று செல்வராஜ் சொன்னார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நாற்பத்திரண்டுக்கு நடந்தேன். நம் வில்லாக்களின் முன்கூரை எவ்வளவு நீட்டலாம் என்பதும் என் புத்தகத்தில் இருக்கிறது, அந்த அளவுக்குத்தான் நிழல் இருந்தது. பெரியவரை வைத்திருந்த ஃப்ரீசர் பாக்ஸ் பாதி நிழலில், பாதி வெயிலில் இருந்தது. கண்ணாடி மூடியில் வெயில் அடித்து முகம் சரியாகத் தெரியவில்லை. ஒரு அம்மாள் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கை வலித்து இன்னொருத்தி வாங்கிக்கொண்டாள். சிவப்பு நாற்காலி சுவர் ஓரமாக இருந்தது, அதில் யாரும் உட்காரவில்லை.

சுமதி என்னைப் பார்த்து எழுந்து வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மேடம், மூணு நாள் முன்னாடியே எழுதிக் குடுத்திருக்கணுமாம். செல்வராஜ் அண்ணன் சொன்னாரு. அப்பா எங்கிட்டயே சொல்லலியே மேடம்" என்றாள்.

அதில் கிண்டல் இல்லை. நிஜமாகவே என்னிடம் விளக்கம் சொன்னாள். நான் எழுதிய வாக்கியம் ஒரு மகளை அப்படி விளக்கம் சொல்ல வைத்திருந்தது. வெட்கமாக இருந்தது. முப்பது வருஷ வேலையில் அவ்வளவு வெட்கப்பட்டது அன்றைக்குத்தான்.

திரும்பி கேட்டுக்கு வந்து, "திறங்க செல்வராஜ்" என்றேன்.

அவர் அசையவில்லை. "எழுதிக் குடுங்க மேடம். நாளைக்கு எம்மேலதான் வரும்" என்று சட்டைப்பையிலிருந்து என் மெமோவை எடுத்துக் காட்டினார்.

அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. அடுத்த நிமிஷமே அடங்கியும் விட்டது. அவர் செய்ததெல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது. அந்த மெமோவையே வாங்கித் திருப்பி, பின்பக்கத்தில், 'ஷாமியானா வண்டியை நான் உள்ளே விடச் சொன்னேன். பொறுப்பு என்னுடையது' என்று எழுதி, நேரம் போட்டுக் கையெழுத்துப் போட்டேன். மணி பத்தே கால். அவர் அதைப் படித்து, மடித்து, அதே பையில் வைத்துவிட்டுக் கதவைத் திறந்தார். பிறகு டெம்போவுக்கு முன்னால் அவரே நடந்து போய் வழி காட்டினார்.

செயலாளர் அப்போதுதான் வந்து சேர்ந்தார்.

"மேடம், இதுக்கு உங்களுக்கு அத்தாரிட்டி இல்லீங்களே."

"இல்லதான் சார்."

"அப்புறம் எப்படீங்க?"

"எழுதினப்போ இந்த ஒண்ணை யோசிக்காம விட்டுட்டேன் சார். தப்பு என்னோடது. நாளைக்கு என்னை அனுப்பறதா இருந்தா அனுப்பிடுங்க. இன்னைக்கு அந்த வண்டி போகட்டும்."

அவர் சுவரோரம் நின்றவர்களைப் பார்த்தார். பிறகு தன் வீட்டுப் பக்கம் நடந்தார்.

ஷாமியானா ஏறியது. சிவப்பும் மஞ்சளும் நீலமும் பட்டை பட்டையாக. என் புத்தகத்தில் அனுமதித்த நிறங்களில் ஒன்றுகூட அதில் இல்லை. நாற்காலிகளைப் போட்டார்கள், வந்தவர்கள் உட்கார்ந்தார்கள், அதற்கப்புறம்தான் அழுகை வந்தது. அதுவரை நிழலுக்கும் இடத்துக்கும் அலைந்ததில் யாருக்கும் அழ நேரமில்லை. மூன்று மணிக்கு எடுத்தார்கள். செயலாளர் வெள்ளைச் சட்டையில் வந்து, கைகட்டிக் கடைசி வரைக்கும் நின்றார்.

என்னை வேலையிலிருந்து எடுக்கவில்லை. ஆனால் இதைத் துணிச்சலான கதையாக நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. எட்டேகாலுக்குச் செய்ய வேண்டியதைப் பத்தே காலுக்குச் செய்தேன். நடுவில் போன இரண்டு மணி நேரம் அந்தக் குடும்பத்துக்குப் போனது போனதுதான். அவசரத்தில் நமக்கு முதலில் தோன்றுவது, இன்னொருவரைக் கேட்கலாம் என்பது. கேட்க வேண்டிய விஷயங்கள் உண்டு. பிணத்துக்கு நிழல் வேண்டுமா என்பது அந்த வகை இல்லை.

விதியைத் திருத்தி எழுதினேன். 'சாவு வீட்டுப் பந்தலுக்கு யாரிடமும் அனுமதி வேண்டியதில்லை. காவலர் உடனே கதவைத் திறக்க வேண்டும்.' வக்கீல் இது விதி மாதிரியே இல்லை என்றார். இருக்கட்டும் என்றேன். நாம் எழுதும் விதியை நாம் படிப்பதில்லை, கமிட்டியும் படிப்பதில்லை. கேட்டில் நிற்கிற ஒருவர், வேலை போய்விடுமோ என்ற பயத்தோடு, எதிரே நிற்கிற இன்னொருவரிடம் அதைச் சொல்கிறார். எழுதி முடித்ததும் அவர் வாயால் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். நான் அதற்கப்புறம் எழுதிய புத்தகங்கள் எல்லாவற்றையும் செல்வராஜை உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். பாதி விதிக்கு அவர் சிரித்தார், அந்தப் பாதியை எடுத்துவிட்டேன்.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். பெரியவர் போய் இரண்டு வாரம் கழித்து வழக்கமான சுற்று. நாற்பத்திரண்டுக்கு வந்தேன். முன்வாசல் காலியாக இருந்தது. பதிவேட்டில் 'சிவப்பு நாற்காலி, மூன்று நோட்டீஸ், நிலுவை' என்று என் கையெழுத்திலேயே இருந்தது. பேனா எடுத்தேன். எதிரே 'சரிசெய்யப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். கை பழக்கம். யோசிக்கவே இல்லை. எழுதின மை காயும் முன்னால் சுமதி கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"மேடம், அப்பாவோட சேர் எங்கியாவது பாத்தீங்களா? அன்னிக்கு ஷாமியானாக்காரங்க அவங்க சேரோட சேத்து அடுக்கித் தூக்கினு போயிட்டாங்க போல. போன் பண்ணா, எங்க கிட்ட எல்லாமே செவப்புதான், எதுன்னு தேடறதுங்கறாங்க."

பதிவேட்டை மூடி மார்போடு வைத்துக்கொண்டேன். அவள் பார்த்துவிடக் கூடாதே என்று மட்டும் இருந்தது. "நான் பாக்கறேம்மா" என்றேன்.

ஷாமியானாக் கடைக் குடோன் பொம்மசந்திராவிலேயே இருந்தது. உள்ளே கூரை வரைக்கும் சிவப்பு நாற்காலிகள். கடைக்காரர் சிரித்தார். "இதுல எப்படீம்மா கண்டுபுடிப்பீங்க?"

என்னிடம் என் நோட்டீஸ் இருந்தது, போட்டோவோடு. முதுகில் விரிசல், செம்புக் கம்பியால் தைக்கப்பட்டுள்ளது. அதைக் காட்டினேன். அவருடைய ஆட்கள் இருவரும் நானும் ஒவ்வொரு அடுக்காக இறக்கிப் பார்த்தோம். மத்தியானம் ஆகிவிட்டது. முட்டி விட்டுப்போயிற்று. கடைசியில் ஒரு அடுக்கின் நடுவில் அந்தத் தையல் தெரிந்தது. நான் கொடுத்த அத்தனை நோட்டீஸ்களிலும் ஒருவருக்கு உபயோகமானது அந்த ஒன்றுதான்.

ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கேட்டில் செல்வராஜ் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் திறந்தார். சுமதி அதை வாங்கி, அது எப்போதும் இருக்கிற இடத்தில், மத்தியான வெயில் விழுகிற பக்கமாகப் போட்டாள். அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நோட்டீஸ் வருமா மேடம்?" என்று கேட்டாள்.

"வராது."

அவள் உள்ளே போன பிறகு பதிவேட்டைத் திறந்தேன். உட்கார இடம் தேடிப் பார்த்தேன். அந்த நாற்காலியில் உட்கார அன்றைக்கு மனசு வரவில்லை. நின்றுகொண்டே 'சரிசெய்யப்பட்டது' என்பதை அடித்தேன். பக்கத்தில், 'நாற்காலி இருக்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.